மூளைச்சாவு, உறுப்பு தானம், பன்றிக் கிட்னி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அச்சகம் வைத்திருக்கிறேன். 2019-ல் எங்கள் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஐசியூவில் கிடந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. நான்காம் நாள் மூளைச்சாவு என்றார்கள், உறுப்புகளைத் தருகிறீர்களா என்று கேட்டார்கள், நாங்கள் முடியாது என்றோம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கவும், டாக்டர்களையும், தானம் பற்றிக் குடும்பங்களிடம் பேசும் கோஆர்டினேட்டர்களையும் பிடித்து வைத்துக் கேள்வி கேட்கவும் ஆரம்பித்தேன். விழிப்புணர்வு நோட்டீஸ் அடிக்க என்னிடம் வருபவர்கள் "தானத்தில் சிறந்தது" என்று பெரிய எழுத்தில் போடச் சொல்வார்கள். அதைக் கையில் வாங்கும் ஜனங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த நோட்டீஸில் பதில் இருக்காது. அதனால்தான் இது.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சுடுகிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. செத்துவிட்டார் என்றால் எப்படி நம்புவது?

சட்டென்று நம்ப முடியாது, நானும் நம்பவில்லை. ஆனால் விஷயம் இதுதான்: நெஞ்சை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். இதயத்துக்குள்ளேயே அதற்கான மின்சாரம் உண்டாகிறது, ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளை சொல்லாமலே துடிக்கும். மூச்சு அப்படி இல்லை. இழு, விடு என்று உத்தரவு போடுவது மூளைத்தண்டு. அது செத்துவிட்டால் திரும்ப வராது, இயந்திரத்தை வைத்து உடம்பைச் சில நாள் சூடாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கோமா வேறு. கோமாவில் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும், சிலர் எழுந்தும் வருவார்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சு கண்ணு முழிச்சார்" என்று வரும் கதை எல்லாம் கோமா கதை. வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களில் ஒருவராவது இந்தக் கதையைச் சொல்லுவார், எங்களுக்குச் சொன்னவர் இரண்டு பேர்.

என்ன சோதனை செய்கிறார்கள்? சும்மா பார்த்துச் சொல்லிவிடுகிறார்களா?

இல்லை. முதலில், மூளை அடிபட்டதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தூக்க மருந்து, விஷம், உடம்பு குளிர்ந்துபோனது, சர்க்கரை, உப்பு தாறுமாறானது இவையெல்லாம் மூளைச்சாவு போலவே வேஷம் போடும், அதனால் இவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் சோதனையே. கண்ணில் டார்ச் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டால் கண்மணி திரும்புகிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.

கடைசியாக மூச்சுச் சோதனை. இதை நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தேன். டியூட்டி டாக்டர் "பாக்கணும்னா பாருங்க" என்றார். நூறு சதவீத ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டு, மூன்று பேர் மாமாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். வென்டிலேட்டரின் புஸ் புஸ் சத்தம் நின்றதும் அந்த ரூமில் ஏசி சத்தம் அப்போதுதான் கேட்டது. கிட்டத்தட்ட பத்து நிமிஷம். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டால் சும்மா இருக்கவே முடியாது, ஒரு இழுப்பாவது இழுத்தே தீரும். வயிறு அசையவில்லை. ரத்தம் எடுத்து வாயு அளவு 60-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திரும்ப மாட்டினார்கள்.

இதே சோதனைகளை மொத்தமாக இன்னொரு முறை, குறைந்தது 6 மணி நேரம் கழித்து, செய்ய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அறிவிப்பு.

காலைக் கிள்ளினால் விரல் அசைந்ததே?

எங்கள் வீட்டிலும் நடந்தது. அக்கா மாமாவின் பாதத்தைத் தேய்த்தபோது கட்டைவிரல் மடங்கியது, அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அது தண்டுவடம் செய்யும் வேலை. மூளைக்குத் தகவல் போகாமலே, கீழேயே வளைந்து திரும்பும் அனிச்சை அது. சிலருக்குக் கைகூட நெஞ்சுப் பக்கம் வரும். முன்கூட்டியே ஒருவர் "இப்படி அசையலாம், பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

உறுப்பு வேண்டும் என்பதற்காகவே அவசரமாக மூளைச்சாவு என்று சொல்லிவிட மாட்டார்களா?

மற்ற எல்லாக் கேள்விக்கும் வேர் இதுதான். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் ஒரு சுவர். 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மூளைச்சாவை ஒருவர் அறிவிக்க முடியாது, நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும்: ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் (அவர் கிடைக்காத இடத்தில் மயக்க மருந்து அல்லது தீவிர சிகிச்சை மருத்துவர்), அப்புறம் சிகிச்சை கொடுத்த டாக்டர். உறுப்பை எடுத்து இன்னொருவருக்கு வைக்கப் போகிற குழுவைச் சேர்ந்த யாரும் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. காப்பாற்றுகிற கை வேறு, எடுக்கிற கை வேறு. என் கணக்கில், மருத்துவ அறம் என்று பேசப்படுவதில் பாதி இந்த ஒரு சுவரில் இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் சுவர் இடிந்தது எங்கே தெரியுமா? சோதனையில் இல்லை. முதல் சோதனை முடிந்து இரண்டாவது இன்னும் நடக்காத நேரத்தில், நான் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வரும் வழியில், வராண்டாவில் ஒருவர் நிறுத்தி "கிட்னி, லிவர் எல்லாம் நல்லா இருக்கு, வீட்ல பேசி வைங்க" என்றார். இன்னும் சாகவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மனுஷனைப் பற்றி. அதற்குப் பிறகு கோஆர்டினேட்டர் அம்மா வந்து எவ்வளவு பொறுமையாகப் பேசியும் ஒன்றும் ஏறவில்லை. முறை என்னவென்றால், இறந்துவிட்டார் என்று சொல்வது ஒரு பேச்சு, குடும்பம் அதைக் காதில் வாங்கி, அழுது, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு தானம் பற்றிக் கேட்பது இன்னொரு பேச்சு. கேட்பவரும் பயிற்சி பெற்ற ஆளாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒட்டிவிட்டால் முதல் பேச்சும் பொய்யாகத்தான் கேட்கும்.

ஏன் இத்தனை படிவம், இத்தனை கையெழுத்து? சாகிற நேரத்தில் இது ஒரு தொல்லை இல்லையா?

தொல்லைதான். ஆனால் 1968 மே மாதம் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் நடந்ததைப் படித்த பிறகு நான் இப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். புரூஸ் டக்கர் என்ற கறுப்பினத் தொழிலாளி கீழே விழுந்து தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மறுநாளே அவருடைய இதயத்தை எடுத்து ஒரு வெள்ளைக்காரருக்கு வைத்துவிட்டார்கள். சொந்தக்காரர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். அவருடைய சகோதரர் அதே ஊரில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார், கடையின் விலாசம் டக்கரின் பொருட்களோடு இருந்தது. இதயம் இல்லை என்பதே இறுதிச் சடங்கு செய்பவர் சொல்லித்தான் குடும்பத்துக்குத் தெரியும். வழக்கு 1972-ல் டாக்டர்களுக்குச் சாதகமாக முடிந்தது. டக்கர் இறப்பதற்கு முந்தைய டிசம்பரில்தான், 1967-ல், தென்னாப்பிரிக்காவில் உலகின் முதல் மனித இதய மாற்று நடந்திருந்தது, எல்லாருக்கும் கை துறுதுறுவென்று இருந்த காலம். மூளைச்சாவுக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக் குழு இலக்கணம் எழுதியது டக்கர் இறந்து சில மாதம் கழித்து, 1968 ஆகஸ்டில்.

நம் நாட்டில் படிவம் 10 என்றால் நான்கு டாக்டர் கையெழுத்து, படிவம் 8 என்றால் குடும்பத்தின் சம்மதம். அந்தச் சகோதரரின் கடைக்கு யாராவது ஒரு நடை போயிருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் அர்த்தம்.

முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? கோபப்படுவார்களா?

கோபப்படக் கூடாது, சிகிச்சையும் மாறக் கூடாது. ஆனால் இங்கே யாரும் பேசாத ஒரு குழப்பம் இருக்கிறது. மூளைத்தண்டுச் சாவை மரணம் என்று நம் நாட்டில் சொல்வது உறுப்பு மாற்றுச் சட்டம். 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மரணத்தை வேறு மாதிரி, உயிரின் எல்லா அடையாளமும் நிரந்தரமாக மறைவது என்று பொதுப்படையாகச் சொல்கிறது. ஆகவே, தானம் செய்தால் அவர் இறந்தவர், செய்யாவிட்டால் வென்டிலேட்டரை நிறுத்தலாமா வேண்டாமா என்று டாக்டர்களே தயங்குகிற நிலை. எங்களிடமும் நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மாமா இன்னும் ஒன்றரை நாள் அப்படியே கிடந்தார், இதயம் தானாக நின்றது. ஐசியூ பில் அந்த ஒன்றரை நாளுக்கும் சேர்த்துத்தான். ஒரு மனுஷன் செத்தானா இல்லையா என்பது அவன் உறுப்பு யாருக்காவது வேண்டுமா என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. இது என் கருத்து, நிறைய டாக்டர்களின் கருத்தும் இதுதான்.

சம்மதம் கொடுத்தால் அதற்குப் பிறகு வரும் செலவு யாருடையது?

தானத்துக்குச் சம்மதித்த பிறகு உடலைப் பராமரிக்க ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. விதியிலேயே இருக்கிறது. அப்படிக் கேட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். விபத்து என்றால் போஸ்ட்மார்ட்டம் எப்படியும் உண்டு, உறுப்பு எடுக்கும்போதே அதையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது. முகம் சிதையாது, தையல் போட்டு முழு உடலாகத் தருவார்கள். 2023 செப்டம்பரில் இருந்து தமிழ்நாட்டில் தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை, மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ மாலை வைக்க வருகிறார்கள். சிலருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. இறந்தவரின் அப்பாவுக்குத் தெரியும்.

நான் தான அட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. ஆதார் எண்ணோடு இணையத்தில் பதிந்திருந்தாலும் நடைமுறையில் கடைசியில் கேட்பது குடும்பத்தைத்தான். மனைவியோ மகனோ தலையாட்டாமல் எந்த ஆஸ்பத்திரியும் கத்தியை எடுக்காது. ஸ்பெயினில் 1979 முதல், வேண்டாம் என்று சொல்லாதவர் எல்லாரும் தானம் செய்பவர் என்று சட்டம் இருக்கிறது, அங்கேயும் குடும்பத்திடம் கேட்காமல் எடுப்பதில்லை. அதனால் அட்டையை பர்ஸில் ஒளித்து வைப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மேல். அம்மா "வாயக் கழுவு" என்பார்கள், பரவாயில்லை. மாமா ஒரு தடவையாவது ஏதாவது சொல்லியிருந்தால் நாங்கள் அந்த வராண்டாவில் அப்படி விழித்திருக்க மாட்டோம்.

யாருக்குப் போகும்? பணக்காரனுக்குத்தானே?

தமிழ்நாட்டில் இறந்தவரின் உறுப்பு யாருக்கு என்று முடிவு செய்வது ஆஸ்பத்திரி இல்லை, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், டிரான்ஸ்டான். 2008-ல் அரசாணைகள் போட்டு இந்தத் திட்டம் தொடங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் டாக்டர் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரனின் இதயம் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி ஒரு சிறுமிக்குக் கொண்டுபோகப்பட்டது, மூளைச்சாவு என்ற வார்த்தை டீக்கடை வரை வந்தது அப்போதுதான். ரத்தப் பிரிவு, காத்திருக்கும் வரிசை, அவசரம் இவற்றை வைத்துப் பட்டியல் நகரும். 2024-ல் மட்டும் மாநிலத்தில் 268 பேர் தானம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லாம் பளிங்கு மாதிரி என்று சொல்ல மாட்டேன். 2018-ல் வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயங்கள் போனது பெரிய சர்ச்சை ஆனது. அப்புறம் இன்னொரு அடிப்படைக் கோணல்: வரிசை நேர்மையாக இருந்தாலும் வரிசையில் நிற்கவே காசு வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் ஆயுள் முழுக்க மருந்து. அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டுத் திட்டமும் இருப்பதால் கிட்னி, கல்லீரல் வரை ஏழைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

என் கிட்னி, என் கடன். நான் விற்றால் உங்களுக்கு என்ன?

இப்படிக் கேட்டவர் ஒரு விசைத்தறித் தொழிலாளி, கிண்டலுக்குக் கேட்கவில்லை. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் புரோக்கர்கள் தறித் தொழிலாளிகளிடம் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு ரொம்ப முன்னால் சென்னை வில்லிவாக்கத்துக்கே "கிட்னிவாக்கம்" என்று பேர் இருந்தது.

என் உடம்பு, என் முடிவு என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் விற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2001-ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு ஒன்று மறு வருஷம் வெளியானது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. அதில் 74 சதவீதம் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, 86 சதவீதம் பேர் உடம்பு முன்பு போல இல்லை என்றார்கள். அடுத்தவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன் என்றவர்கள் 79 சதவீதம். சொன்ன தொகைகூடக் கைக்கு முழுசாக வரவில்லை. தறி ஓட்ட இடுப்பு வேண்டும், இடுப்பைக் கீறி எடுத்துக்கொண்டு கடனை அப்படியே விட்டால் அது என்ன சம்மதம்? சட்டப்படி இந்த வியாபாரத்துக்கு 5 முதல் 10 வருஷம் சிறை, அபராதம் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி. மாட்டுவது பெரும்பாலும் புரோக்கரின் புரோக்கர்.

சொந்தத்துக்குள் கொடுப்பதில் அறச் சிக்கல் ஏதும் இல்லையே?

இருக்கிறது, அதுவும் வீட்டுக்குள். 1995 முதல் 2021 வரை நாட்டில் பதிவான 36,640 உறுப்பு மாற்றுகளில் ஆண்களுக்குக் கிடைத்தது 29,695, பெண்களுக்கு 6,945. உயிரோடு இருந்து கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் அதிகம். மாமியார், நாத்தனார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்டால் எந்த மருமகள் இல்லை என்பாள்? நல்ல டாக்டர்கள் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் "இவங்க கிட்னி பொருந்தலை" என்று மட்டும் வெளியே சொல்லிவிடுவார்கள். பொய்தான். நான் கேள்விப்பட்ட பொய்களிலேயே நல்ல பொய்.

பன்றிக் கிட்னி வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடுமா?

மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்கு வைத்தார்கள், இரண்டு மாதம் இருந்தார். அந்த இதயத்தில் பன்றி வைரஸ் ஒன்றின் தடம் பிறகு கிடைத்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 இடங்களில் மரபணு திருத்திய பன்றிக் கிட்னி ஒருவருக்கு வைக்கப்பட்டது, அவரும் இரண்டு மாதத்தில் இறந்தார், கிட்னியால் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது ஆஸ்பத்திரி. பின்னால் ஒரு பெண்ணுக்கு வைத்தது 130 நாள் ஓடிய பிறகு எடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாரும் முதலில் கேட்பது மதம் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. எந்த மருத்துவ ஆராய்ச்சியிலும், வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகும் உரிமை நோயாளிக்கு உண்டு. உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஹெல்சிங்கி அறிக்கையிலிருந்து உலகம் ஒத்துக்கொண்டது அது. பன்றி உறுப்பில் அந்த உரிமையே ஆட்டம் காண்கிறது. புது வைரஸ் மனிதர்களுக்குள் பரவிவிடுமோ என்ற பயத்தால் ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை, கண்காணிப்பு, கூட வாழ்பவர்களுக்கும் கட்டுப்பாடு. மனைவி எதிலும் கையெழுத்துப் போடாமலே சோதனைக்குள் வந்துவிடுகிறாள். சாகக் கிடப்பவரிடம் "இது ஒன்றுதான் வழி" என்று நீட்டும் தாளில் போடும் கையெழுத்தைப் பற்றி, மேலே கிட்னி விற்றவர் கதையில் கேட்ட கேள்வியையே இங்கேயும் கேட்கலாம்.

கம்ப்யூட்டர் வரிசை போட்டால் பாரபட்சம் இருக்காது இல்லையா?

கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் கிட்னி வேலை செய்யும் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவர் என்றால் ஒரு பெருக்கல் எண் சேர்த்திருந்தார்கள். அதனால் அவர்கள் கிட்னி நிஜத்தைவிட நன்றாக இருப்பதுபோலக் காட்டியது, காத்திருப்புப் பட்டியலில் தாமதமாகவே சேர்ந்தார்கள். பல வருஷம் யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது கணக்கு. 2023-ல்தான் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுடைய காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்கும் உத்தரவு நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் இயற்கையாக இறந்தவரிடமிருந்து எதுவுமே எடுக்க முடியாதா?

கண் எடுக்கலாம், அதில் இன்னொருவருக்குப் பொருத்துவது கருவிழி மட்டும். வயசு தடையில்லை, கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர் யாரும் தரலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், கண் வங்கிக்காரர்களே வீட்டுக்கு வருவார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அவர்கள் வரும்வரை கண் காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை: இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட வேண்டும்.

போன வருஷம் மாமாவின் அம்மா வீட்டில் இறந்தார், 81 வயசு. சொந்தக்காரர்கள் நடு ஹாலில் கூடி, ஐஸ் பெட்டிக்கு யார் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வைகாசி மாதம், புழுக்கம். அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போனில் கண் வங்கிக்கு வழி சொல்லிக்கொண்டே வந்து ஃபேனை நிறுத்தினாள். யாரோ திரும்பப் போட்டார்கள். அக்கா மறுபடி நிறுத்திவிட்டு, ஸ்விட்ச் போர்டை மறைத்த மாதிரி சுவரில் சாய்ந்து, அவர்கள் வரும்வரை அங்கேயே நின்றாள்.